தமிழ் ஸ்க்ரீனில் வாசகம் அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்த ஒரு ஸ்க்ரீன், மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் கலைந்துபோகும். பட்டன் இரண்டு வரியாகும், மெனு ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பட்டியலில் பாதிப் பெயர் காணாமல் போகும். அவசரத்தில் எல்லோரும் செய்வது, எங்கே நீளமோ அங்கே வெட்டி மூன்று புள்ளி வைப்பது. ஸ்க்ரீன் அழகாகிவிடும். ஆனால் படிப்பவருக்கு வேண்டிய சொல் பெரும்பாலும் அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால்தான் இருந்திருக்கும். அதனால் முதலில் வாசகத்தைச் சுருக்குங்கள், அடுத்து இடத்தைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை மட்டும் வெட்டுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள். பிரவுசரில் பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்ட் கருவியைத் திறந்து, வெட்டுப்பட்ட வாசகம் அங்கே முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக இருந்தால் வெட்டியது, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ். அங்கேயும் பாதிதான் இருக்கிறது என்றால் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ சர்வரோ டேட்டாபேஸோ வெட்டியிருக்கிறது. இதைப் பார்க்காமல் ஸ்டைல்ஷீட்டில் தேடிக்கொண்டிருந்தால் நாள் போகும், பிழை போகாது.

அறிகுறி: மூன்று புள்ளி சரியாக வருகிறது, அர்த்தம் போய்விட்டது

பணம் அனுப்பும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் இரண்டு வரிகள். ஒன்று “பணம் அனுப்பப்பட்டது”, இன்னொன்று “பணம் அனுப்பப்படவில்லை”. குறுகிய ஸ்க்ரீனில் இரண்டும் “பணம் அனுப்பப்ப…” என்றே தெரியும். போனதா, போகவில்லையா என்பதுதான் அந்த வரியின் முழு வேலை, அது வெட்டுப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் நடுவிலேயே வந்துவிடும், வாலை வெட்டினாலும் விஷயம் தப்பிக்கும். தமிழில் வினை கடைசியில் வரும், காலமும் மறுப்பும் அந்த வினையின் வாலில் ஒட்டியிருக்கும். ஆகவே வாலை வெட்டும் பழக்கத்தை ஆங்கில ஸ்க்ரீனிலிருந்து அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது.

இதற்குத் தீர்வு சிஎஸ்எஸ்ஸில் இல்லை. வாசகத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும். “போகவில்லை: ரூ. 500” என்று முடிவை முன்னால் வைக்கலாம். “பணம் போகவில்லை” என்றாலே நீளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். நம் இடைமுகங்களில் நீளத்துக்கு முதல் காரணம் “-ப்பட்டுள்ளது” என்னும் செயப்பாட்டு வினை. “உங்களுடைய கடவுச்சொல் வெற்றிகரமாக மாற்றப்பட்டுள்ளது” என்பதில் “உங்களுடைய” வேண்டாம். வேறு யாருடைய கடவுச்சொல்லும் அங்கே இல்லை. “வெற்றிகரமாக” வேண்டாம், மாறிவிட்டது என்றாலே வெற்றிதான். “கடவுச்சொல் மாறிவிட்டது” போதும். “இந்தச் செயலை மேற்கொள்வதற்கு உங்களுக்கு அனுமதி வழங்கப்படவில்லை” என்பது “இதற்கு அனுமதி இல்லை” ஆகும். பேசும்போது நாம் சொல்வதும் அதுதான்.

அடுத்த காரணம் “செய்யவும்”. “பதிவிறக்கம் செய்யவும்”, “சமர்ப்பிக்கவும்”, “ரத்து செய்யவும்” என்று பட்டன்கள் எல்லாம் வேண்டுகோள் விடுக்கின்றன. பட்டனில் பேசுவது பயனர், கேட்டு நடப்பது கருவி. “பதிவிறக்கு”, “அனுப்பு”, “ரத்து செய்” என்று பயனர் கருவிக்குச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. செயலி பயனரிடம் பேசும் இடம் வேறு. “கைபேசி எண்ணை எழுதுங்கள்” என்று பன்மையில் மரியாதையாகத்தான் கேட்க வேண்டும், அங்கே மூன்று எழுத்து மிச்சம் பிடிப்பதற்காக “எழுது” என்று வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, ஸ்க்ரீனில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்வது. பயனர் மூன்று கோப்புகளுக்கு டிக் போட்டிருக்கிறார், அவை நிறம் மாறித் தெரிகின்றன. அதற்குக் கீழே “தேர்ந்தெடுக்கப்பட்ட கோப்புகளை நீக்கவும்” என்ற பட்டன் எதற்கு? “3 கோப்பை நீக்கு” என்றால் சுருக்கமும் ஆயிற்று, எத்தனை என்ற தகவலும் சேர்ந்துகொண்டது.

சுருக்குவதற்காகப் புதிதாகக் குறுக்கெழுத்து உண்டாக்காதீர்கள். ரூ., கி.மீ., மு.ப., பி.ப. எல்லாம் பழகியவை. “பதிவி.”, “அமைப்.” என்று நாமே முறித்தால் யாருக்கும் புரியாது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் கடன்சொல் குட்டையாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். “ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல்” என்பதற்கு எல்லோரும் சொல்வது ஓடிபி.

அறிகுறி: பட்டியலில் இரண்டு வரிகள் ஒரே மாதிரித் தெரிகின்றன

2020 இல் சென்னை மெட்ரோவின் மூன்று நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. சென்ட்ரல் நிலையம் “புரட்சித் தலைவர் டாக்டர்” என்று தொடங்குகிறது, கோயம்பேடு பேருந்து நிலையத்தை ஒட்டிய நிலையம் “புரட்சித் தலைவி டாக்டர்” என்று தொடங்குகிறது. கைபேசியில் வாலை வெட்டினால் இரண்டும் “புரட்சித் தலை…” ஆகிவிடும். பயணச்சீட்டு எடுக்க வந்தவர் எதைத் தொடுவார்?

சரி, வாலை விட்டுத் தலையை வெட்டலாமா, நடுவை வெட்டலாமா? நிலையப் பெயர்களுக்குத் தலையை வெட்டுவது ஓரளவு உதவும், ஏனென்றால் ஊர் அடையாளம் கடைசியில் இருக்கிறது. கோப்புப் பெயர்களுக்கு நடுவை வெட்டுவது நல்லது. தொடக்கமும் கோப்பு வகையும் தெரியும், மேக் கணினியில் ஃபைண்டர் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் இந்த இரண்டைப் பாருங்கள்: “தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்”, “தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்”. தலையும் ஒன்று, வாலும் ஒன்று. வேறுபாடு நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஏதோ ஒரு அகலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்கு ஒரே வழி, டேட்டாவில் குறும்பெயருக்கென்று தனிப் புலம் வைத்து, அதை மனிதர் எழுதுவது. “சட்டப் பல்கலை.”, “மருத்துவப் பல்கலை.” என்று நாளிதழ்கள் தலைப்பில் எழுதும் முறை நமக்குக் கைவசம் இருக்கிறது. பட்டியலில் குறும்பெயர், உள்ளே போனால் முழுப் பெயர். தேடும் பெட்டி மட்டும் இரண்டையும், பழைய பெயரையும் ஏற்க வேண்டும். சென்னைக்காரர் “சென்ட்ரல்” என்று தட்டினால் நிலையம் வந்து நிற்க வேண்டும்.

ஸ்க்ரீனைக் கைக்கு வாங்கியதும் நான் தேடிப் பார்ப்பது இப்படிப்பட்ட இரட்டைகளைத்தான். பெயர் நீளமாக இருப்பதால் மட்டும் யாரும் ஏமாறுவதில்லை. ஒன்றுபோல் தெரிந்தால்தான் தவறான கணக்குக்குப் பணம் போகும்.

அறிகுறி: எழுத்து பாதியில் முறிகிறது, புள்ளியோ கொம்போ காணவில்லை

இன்ஸ்பெக்டில் பார்த்தபோதே வாசகம் பாதியாக இருந்தால் இந்த வகை. ஜாவாஸ்கிரிப்ட்டில் “தமிழ்” என்ற சொல்லின் நீளம் (லெங்த்) 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. நமக்கோ அது மூன்று எழுத்து. முதல் நான்கை மட்டும் வெட்டியெடுத்தால் (ஸ்லைஸ்) “தமிழ” என்று புள்ளி இல்லாமல் நிற்கும். பைத்தானும் 5 என்றே சொல்லும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியோ தானாகவே 3 என்று சரியாக எண்ணும்.

நாள்காட்டியில் இது பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்தில் கிழமைப் பெயரின் முதல் மூன்று எழுத்தை எடுத்தால் போதும் என்று யாரோ எழுதிய நிரல், தமிழில் திங்களை “திங” என்றும் செவ்வாயை “செவ” என்றும் காட்டும். வெள்ளி “வெள” ஆகும், அதைப் பார்ப்பவர் “வௌ” என்று வாசிப்பார். ஜூன், ஜூலை இரண்டையும் இரண்டு குறியில் வெட்டினால் இரண்டும் “ஜூ”. கிழமைக்கும் மாதத்துக்கும் நீங்களே வெட்டவே வேண்டாம். பல மொழிகளின் தேதி, எண் வழக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் யூனிகோடின் சிஎல்டிஆர் தொகுப்பில் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஒற்றை எழுத்துக் கிழமைகளும் ஜன., பிப்., மார். என்று மாதச் சுருக்கங்களும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ள இன்டல்.டேட்டைம்ஃபார்மேட் அவற்றை எடுத்துக் கொடுக்கும்.

பயனர் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் முதலெழுத்து போடுவார்களே, அங்கேயும் இதே பிழை. கோமதி “க” ஆகிறார், முருகன் “ம” ஆகிறார். தமிழில் முன்னெழுத்து கோ., மு. என்று உயிர்மெய்யாகவே வரும். அப்பா பெயரின் முன்னெழுத்தை வாழ்நாள் முழுக்கப் பெயரோடு சுமக்கிற நம்மிடம் அதைத் தவறாகக் காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

சரிசெய்ய ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ள இன்டல்.செக்மென்டர் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதைக் குறிக்கும் கிராஃபீம் அளவைத் தேர்ந்தால் த, மி, ழ் என்று பிரித்துத் தரும். குரோம் 87 முதல், சஃபாரி 14.1 முதல், ஃபயர்ஃபாக்ஸ் 2024 இல் வந்த 125 முதல் இது உண்டு. ஒரு எச்சரிக்கை: க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அது ஓரெழுத்தாகப் பார்க்காது. “லக்ஷ்மி” என்பதை இரண்டில் வெட்டினால் “லக்” என்றும், ஸ்ரீதரின் வட்டத்தில் “ஸ்” என்றும் வரும். இந்த இரண்டுக்கும் நிரலில் தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள். இயன்றால் எழுத்தில் வெட்டாமல் சொல் எல்லையில் வெட்டுங்கள், அதே செக்மென்டரில் வேர்ட் என்ற அளவும் இருக்கிறது.

பழைய டேட்டாவில் இன்னொரு தொல்லை வரும். “கொ” என்பது க-வோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம், க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. துண்டாக இருப்பதை வெட்டினால் கால் போய் “கெ” ஆகிவிடும், வேறு எழுத்து. வெட்டும் முன், துண்டுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்துவிட்டால் இது வராது.

கடைசி எழுத்துக்குப் பதில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறது என்றால் யாரோ எழுத்துக் கணக்கில் இல்லாமல் பைட் (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், “தமிழ்” 15 பைட். 3இன் நடுவில் கத்தி விழுந்தால் அந்த வைரம்தான் வரும். டேட்டாபேஸ் நெடுவரிசையின் அளவு பைட்டிலா எழுத்திலா என்று பாருங்கள்.

அறிகுறி: மூன்று புள்ளியே வரவில்லை, வாசகம் பெட்டியைத் தாண்டி ஓடுகிறது

சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் (மிஞ்சுவதை மூன்று புள்ளியாக்கு) என்று எழுதினால் மட்டும் எதுவும் நடக்காது. ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (மிஞ்சுவதை மறை), ஒயிட்-ஸ்பேஸ் நோரேப் (வரியை மடக்காதே) இரண்டும் கூட வேண்டும், பெட்டிக்கு ஓர் அகல வரம்பும் வேண்டும். ஸ்பேன் மாதிரி இன்லைன் உறுப்பில் போட்டாலும் வேலை செய்யாது, அதை பிளாக் அல்லது இன்லைன்-பிளாக் ஆக்க வேண்டும்.

இவை எல்லாம் இருந்தும் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் உறுப்புகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்தான் காரணம். ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைக்கு மின்-வித்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ. உள்ளே இருக்கும் வாசகத்தின் அகலத்துக்குக் கீழே அது சுருங்காது. பக்கத்தில் இருக்கும் “அனுப்பு” பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். மின்-வித்த் 0 என்று ஒரு வரி போதும். ஃப்ளெக்ஸுக்குள் ஃப்ளெக்ஸ் இருந்தால் இடையில் உள்ள ஒவ்வொரு மட்டத்திலும் போட வேண்டும், பலர் விட்டுவிடுவது இங்கேதான். கட்டங்களாக அடுக்கும் கிரிடில் 1எஃப்ஆர் என்பதற்குப் பதில் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்). டேபிளில் டேபிள்-லேஅவுட் ஃபிக்ஸ்டு வைத்து, அகலத்தையும் கொடுங்கள்.

செயலி உருவாக்கப் பயன்படும் ஃப்ளட்டரில் இதே பிழை சோதனையின்போது மஞ்சள் கறுப்புப் பட்டையாக ஓரத்தில் தெரியும். ரோவுக்குள் இருக்கும் டெக்ஸ்ட்டை எக்ஸ்பேண்டடிலோ ஃப்ளெக்ஸிபிளிலோ சுற்றினால் மறையும்.

அறிகுறி: ஒரே சொல் நீளமாகி மடங்க மறுக்கிறது

“ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது” என்பதில் இடைவெளி ஒன்றுகூட இல்லை. கைபேசியின் பாதி அகலப் பெட்டிக்கு இது தாங்காது. ஓவர்ஃப்ளோ-ரேப் எனிவேர் என்று கொடுத்தால் வேறு வழியில்லாதபோது மட்டும் சொல்லை மடக்கும், எழுத்தின் நடுவில் முறிக்காது. வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் வேண்டாம். அது தேவையில்லாத இடத்திலும் சொல்லை முறித்துப் படிக்கிற வேகத்தைக் கெடுக்கும்.

எங்கே மடங்க வேண்டும் என்று நீங்களே சொல்லவும் முடியும். “ஏற்றுக்கொள்ளப்” என்பதற்கு அடுத்து அகலமில்லா இடைவெளிக் குறி ஒன்றை நுழைத்தால் தேவைப்பட்டால் அங்கே மடங்கும், இல்லையென்றால் கண்ணுக்கே தெரியாது. தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை முறிக்கும்போது பெரும்பாலும் சிறுகோடு போடுவதில்லை, ஆகவே மடங்கும் இடத்தில் சிறுகோடு காட்டும் சாஃப்ட் ஹைஃபனைவிட இது பொருத்தம். தேடலுக்குப் போகும் டேட்டாவில் மட்டும் இதைக் கலக்காதீர்கள். பிறகு அந்தச் சொல் தேடினால் கிடைக்காது.

அறிகுறி: எழுத்தின் தலையோ காலோ சீவப்படுகிறது, அல்லது மூன்றாவது வரி எட்டிப் பார்க்கிறது

ஆங்கிலத்துக்கு வரி உயரம் 1.2 போதும். தமிழில் கீ, ஸ்ரீ, புள்ளி எல்லாம் மேலே ஏறும், ழு, ஞூ கீழே இறங்கும். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டதும் அவை சீவப்படும். லைன்-ஹைட்டை 1.5 அளவில் வையுங்கள், பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு செயலியில் நேற்றுவரை சரியாக இருந்தது, செயலி குறிவைக்கும் பதிப்பை (டார்கெட்) ஆண்ட்ராய்டு 15க்கு மாற்றியதும் சீவுகிறது என்றால் காரணம் இது: எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு அந்தப் பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. அதுவரை தமிழ், தெலுங்கு, தாய் போன்ற எழுத்துகளை உயரம் குறைத்து அமுக்கிய ஃபான்ட்டில் காட்டிவந்தார்கள், இப்போது அவற்றின் இயல்பான உயரத்தில் வருகின்றன. எழுத்து நன்றாகத் தெரிகிறது, மாற்றம் நல்லது. பண்பை அணைத்துவிட்டுப் பழையபடி அமுக்காமல், பெட்டியை உயர்த்துங்கள்.

வாசகத்தை இரண்டு வரியோடு நிறுத்தும் லைன்-கிளாம்ப் போட்டும் மூன்றாவது வரியின் தலை கீழே தெரிகிறது என்றால், அதே உறுப்பில் கீழ் பேடிங் (உள்ளோர இடைவெளி) இருக்கிறது என்று அர்த்தம். பேடிங்கை வெளிப் பெட்டிக்கு நகர்த்துங்கள், போய்விடும்.

அறிகுறி: உங்கள் போனில் சரி, அம்மாவின் போனில் தப்பு

பார்வைக்காக ஃபான்ட் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வலைப்பக்கத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ வசதியோ இழக்கப்படக் கூடாது என்கிறது. தமிழ் மொழியையும் பெரிய ஃபான்ட்டையும் ஒன்றாக வைத்துச் சோதியுங்கள், தனித்தனியாகப் பார்த்தால் பிழை தெரியாது. ஐஓஎஸ்ஸில் இடத்துக்கேற்ப ஃபான்ட்டைத் தானாகச் சுருக்கும் வசதியை இதற்கு மருந்தாகப் போடுகிறார்கள். பெரிதாக வேண்டும் என்று கேட்டவருக்கே சிறிதாக்கிக் கொடுப்பது அது. அதைவிட வாசகத்தை இரண்டாவது வரிக்கு மடங்க விடுங்கள். பட்டன் இரண்டு வரியாக இருப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

வெட்டியே ஆக வேண்டிய இடத்தில், முழு வாசகத்தையும் படிக்க ஒரு வழி வையுங்கள். மவுஸை மேலே வைத்தால் முழு வாசகம் காட்டும் டைட்டில் பண்பு தொடுதிரையில் வராது, கீபோர்டு பயன்படுத்துபவருக்கும் எட்டாது. தொட்டால் விரியும் வரியோ உள்பக்கமோ வேண்டும். சிஎஸ்எஸ் வெட்டினால், பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடர் முழுதும் படித்துக்காட்டும், ஜாவாஸ்கிரிப்ட் வெட்டினால் அவருக்கும் பாதிதான் கேட்கும். பட்டனில் மூன்று புள்ளி வந்தால் “அடுத்து இன்னொரு பெட்டி திறக்கும்” என்று பழைய மெனு வழக்கப்படி புரிந்துகொள்பவர்களும் உண்டு, ஆகவே பட்டனில் மட்டும் வெட்டவே வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு வெளியீட்டிலும் அதே பிழை திரும்ப வருகிறது

இப்போது கோளாறு நிரலில் இல்லை, வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவருக்கு ஓர் எக்ஸெல் தாள் போகிறது. எந்தச் சொல் பட்டனில் வரும், எது தலைப்பில் வரும், எவ்வளவு இடம் என்று அதில் இல்லை. அவர் பாதுகாப்பாக முழு வாக்கியமாக எழுதி அனுப்புகிறார், தவறு அவருடையது ஆகாது. ஒவ்வொரு வாசகத்தோடும் இடத்தின் படமும் அளவும் சேர்ந்து போக வேண்டும்.

டிசைனர் விடவேண்டிய இடத்துக்கு ஐபிஎம்மின் பழைய கணக்கு ஒன்றை வலைத் தர அமைப்பான டபிள்யூ3சி எடுத்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் இருக்கும் சொல் மொழிபெயர்ப்பில் 200 முதல் 300 சதவீத நீளம் ஆகலாம், 70 எழுத்துக்கு மேற்பட்டது 130 சதவீதம்தான். சின்னச் சொல்தான் அதிகம் வீங்கும், அது உட்கார்ந்திருப்பதும் சின்னப் பட்டனில்தான். மொழிபெயர்ப்பு வரும் முன்பே ஆண்ட்ராய்டின் போலி மொழி வசதியிலோ ஆப்பிளின் எக்ஸ்கோடில் உள்ள இரட்டை நீள மொழியிலோ ஓட்டிப் பார்த்தால் உடைகிற இடங்கள் தெரிந்துவிடும். ஆனால் அவை லத்தீன் எழுத்தை நீட்டுபவை, கொம்பும் புள்ளியும் முறிவதைக் காட்டாது. அதற்கு டெஸ்ட் டேட்டாவிலேயே “ஸ்ரீதர்”, “லக்ஷ்மி”, “வெள்ளி”, துண்டாகச் சேமித்த ஒரு “கொ”, இரண்டு பல்கலைக்கழகங்களின் முழுப் பெயர், “அனுப்பப்பட்டது”, “அனுப்பப்படவில்லை” எல்லாவற்றையும் போட்டுவையுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் செயலி என்றால் இன்னொரு வரம்பும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி, அதற்கு மேல் போனால் துண்டுக்கு 67. “தமிழ்” அதில் 5 ஆகக் கணக்காகும். ஓடிபி செய்தியில் எண் முதல் துண்டிலேயே, முதல் வரியிலேயே வரும்படி எழுதுங்கள்.